பழைய பிட்எக்ஸ் ரேடியோவுக்கு டிஜிட்டல் டியூனிங் வைத்த அனுபவம்

உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில், ஐந்து வாட்டில் பேசுகிறவருக்கு அலைவரிசை நகர்ந்தால் பேச்சே போய்விடும். நூறு வாட்காரர் கொஞ்சம் நகர்ந்தாலும் எதிரே இருப்பவர் குமிழைத் திருப்பிப் பின்னாலேயே வருவார், சிக்னல் அவ்வளவு பலமாக இருக்கும். இரைச்சலுக்கு நடுவே மெல்லக் கேட்கும் கியூஆர்பி, அதாவது குறைந்த சக்திச் சிக்னலை யாரும் அப்படித் துரத்த மாட்டார்கள். குரல் கரகரத்து, பிறகு வாத்துக் குரலாகி, பிறகு காணாமல் போகும். "ஸ்டேஷன் ஃபேடிங்" (சிக்னல் மங்குகிறது) என்று குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். உண்மையில் அது ஃபேடிங்கே இல்லை, நம் வி.எஃப்.ஓ., அதாவது டியூனிங் குமிழுக்கு ஏற்ப அலைவரிசையை உண்டாக்கும் ஆஸிலேட்டர், நகர்ந்திருக்கிறது.

நான் இருப்பது பழனி மலையில், கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, பெருமாள்மலை. காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் இரண்டுக்கு நடுவே நாற்பது மீட்டர் பேண்டுக்கான (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல் ஆன்டெனா கட்டியிருக்கிறேன். ரேடியோ நானே செய்த பிட்எக்ஸ். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வடிவமைப்பு அது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்தே ஒரு முழு எஸ்.எஸ்.பி. (குரலின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் முறை) டிரான்ஸீவரைக் கட்டலாம் என்று காட்டியது. டொராய்டு என்ற வளையக் கரு கிடைக்காதவர்கள் குழாய்க்குப் போடும் வாஷரில் காயில் எனும் கம்பிச்சுருளைச் சுற்றிக்கொள்ளலாம் என்றுகூட அதில் வழி இருந்தது. எத்தனையோ பேருக்குச் சொந்தமாக ஒரு ரேடியோ கிடைத்தது அந்த வடிவமைப்பால்தான். எனக்கும் அப்படித்தான். அந்த நன்றி இந்த வேலை முழுவதும் என்னோடு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது நாற்பது மீட்டருக்கு மாற்றிய பிரதி. ஐ.எஃப். என்கிற இடை அலைவரிசை 10 மெகாஹெர்ட்ஸ். வி.எஃப்.ஓ. 3.0 முதல் 2.8 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். பத்திலிருந்து அதைக் கழித்தால் 7.0 முதல் 7.2 வரை வருகிறது, நம் நாட்டில் நமக்குக் கொடுத்திருக்கும் பேண்டும் அதுதான். வி.எஃப்.ஓ.வில் ஒரு பி.எஃப்.டபிள்யூ.10 எஃப்.இ.டி., கையால் சுற்றிய காயில், பாக்கெட் ரேடியோவில் டியூனிங் குமிழோடு சுழலும் 2ஜே கேங்க் கண்டென்சர், சில ஸ்டைரோஃப்ளெக்ஸ் கண்டென்சர்கள். சமவெளியில் ஒரு நண்பர் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது இதே வி.எஃப்.ஓ. நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. மலைக்கு வந்ததும்தான் தொல்லை.

காரணம் எளிமையானது. சூடு ஏறினால் காயில் விரிகிறது, அதன் இண்டக்டன்ஸ் கூடுகிறது, அலைவரிசை இறங்குகிறது. காயிலின் மதிப்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் நூறு பங்கு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அலைவரிசை அதில் பாதி, அதாவது ஐம்பது பங்கு குறையும். 3 மெகாஹெர்ட்ஸில் அது 150 ஹெர்ட்ஸ். ஒரே ஒரு டிகிரிக்கு! எஸ்.எஸ்.பி.யில் 50 ஹெர்ட்ஸ் தள்ளிப்போனாலே குரல் மாறுவது காதுக்குத் தெரியும். ஸ்டைரோஃப்ளெக்ஸ் கண்டென்சர் எதிர்த்திசையில் நகரும் என்பதால் இரண்டையும் சேர்த்து ஈடுகட்டுவார்கள், ஆனால் அந்த ஈடு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைச் சுற்றித்தான் சரியாக இருக்கும். கொடைக்கானலில் ஜனவரி இரவுகளில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். எங்கள் ஊர் அதைவிடத் தாழ்வு, குளிர் சற்றுக் குறைவு. ஆனாலும் மாலை நான்கு மணி வெயிலுக்கும் எட்டு மணிப் பனிக்கும் இருக்கும் இடைவெளி சமவெளியில் வராது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரம் காயில் சுற்றிய அட்டையிலும் கேங்கின் பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையிலும் ஏறினால் அலைவரிசை இன்னொரு பக்கம் போகும்.

2018 நவம்பரில் கஜா புயல் மலையையும் விடவில்லை. மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டு, மின்சாரமும் போய்விட்டது. அந்த நாட்களில் பேட்டரியில் ஓடிய இந்தச் சின்ன ரேடியோ வீட்டில் இருந்தது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது. ஆனால் அப்போதும் வத்தலக்குண்டுப் பக்கத்து மூத்த ஹாம் ஒருவர் சொன்னது இதுதான்: "தம்பி, நீங்க சொல்றதுல பாதிதான் விழுது. நகர்ந்துட்டே போறீங்க." அவசரத்தில் சொல்லும் ஒரு ஊர்ப்பெயர் அந்தப் பாதியில் விழாமல் போனால் என்ன ஆகும்? பொழுதுபோக்காக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த குறை அன்றிலிருந்து எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

சரி, என்ன செய்வது? புது ரேடியோ வாங்கலாம். கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் பெட்டியில் ரிசீவர் நன்றாக இருக்கிறது, கிரிஸ்டல் ஃபில்டர் நன்றாக இருக்கிறது, மைக் ஆம்ப்ளிஃபயரும் ஐ.ஆர்.எஃப்.510 வைத்த கடைசிக் கட்டமும் நன்றாக இருக்கின்றன. கெட்டது ஒரே ஒரு கட்டம். அதை மட்டும் மாற்றுவதுதான் நியாயம் என்று பட்டது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பழைய ரேடியோவை நவீனமாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வது நவீனமாக்கல் இல்லை. புதிதாக வரும் பாகம் பழைய ரேடியோ எதிர்பார்ப்பதைக் கொடுக்க வேண்டும். டிஜிட்டல் டியூனிங்குக்கான சின்ன போர்டு வாங்கச் சில நூறு ரூபாய் போதும், ஆனால் அதைப் பழைய ரேடியோவுக்கு ஏற்றபடி பழக்குவதில்தான் உழைப்பு முழுதும் போகிறது.

நடுவழி ஒன்றும் உண்டு. டச்சு ஹாம் கிளாஸ் ஸ்பார்கரென் 1970-களில் சொன்ன ஹஃப் அண்ட் பஃப் முறை. பழைய எல்.சி. வி.எஃப்.ஓ.வை அப்படியே வைத்துக்கொண்டு, அது நகரும்போதெல்லாம் வோல்டேஜுக்கு ஏற்பக் கொள்ளளவு மாறும் ஒரு வராக்டர் டயோடு மூலம் மெல்லப் பிடித்து இழுத்து நிறுத்துவது. பழைய குமிழின் சுகம் போகாது. நகர்வு மெதுவாக இருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். என்னுடையது ஈரத்தில் திடீரென்று தாவியது, அதனால் இது தாங்கவில்லை.

கடைசியில் அலைவரிசை உண்டாக்கும் எஸ்.ஐ.5351 சிப்பும், அதற்குக் கட்டளை கொடுக்க ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினி போர்டும் என்று முடிவானது. ஃபர்ஹானே பிறகு வெளியிட்ட பிட்எக்ஸ்40 போர்டோடு வந்த ராடுயினோ என்ற டியூனிங் போர்டும் இதே ஜோடிதான். 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஆதாரமாக வைத்து, உள்ளே 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் பி.எல்.எல். என்ற ஆஸிலேட்டர் சுற்றில் இருந்து வகுத்து, வேண்டிய அலைவரிசையைக் கொடுக்கும் சிப் இது. மூன்று வெளியீடுகள் உண்டு. கிரிஸ்டல் பத்து லட்சத்தில் பத்து பங்கு பிசகினாலும் 3 மெகாஹெர்ட்ஸில் அது 30 ஹெர்ட்ஸ்தான். காயில் ஒரு டிகிரிக்குச் செய்த கூத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பழைய வி.எஃப்.ஓ.வின் நகர்வை அளந்து எழுதுங்கள். ஃப்ரீக்வென்சி கவுண்டரை மாட்டி, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வாருங்கள். போட்ட முதல் அரை மணி நேரம் மட்டும் நகர்ந்து பிறகு நின்றுவிட்டால் அது சூடேறும் கோளாறு. வி.எஃப்.ஓ.வைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தாலே பாதி தீரும். குமிழைத் தொட்டதும் குதித்தால் கேங்கின் அச்சு அழுக்கு. மைக்கில் பேசும்போது மட்டும் ஆடினால் குறை வோல்டேஜில், வி.எஃப்.ஓ.வுக்குத் தனி ரெகுலேட்டர் வைத்தால் போதும். இவை எதுவும் இல்லாமல் வெளிக் குளிரோடும் ஈரத்தோடும் சேர்ந்து நாள் முழுக்க நகர்ந்தால்தான் டிஜிட்டல் பக்கம் போக வேண்டிய தேவை வருகிறது.

பழைய வி.எஃப்.ஓ.வை நான் பெயர்க்கவில்லை. அலைவரிசைகளைக் கலக்கும் மிக்ஸருக்குப் போகும் ஒரு கம்பியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறிய கோஆக்ஸ் கனெக்டர் வைத்தேன். எடுத்த பாகங்களை ஒரு கவரில் போட்டு, என்ன மாற்றினேன் என்று தமிழிலேயே எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். நாளைக்கு இந்த ரேடியோ யார் கைக்குப் போனாலும் ஒரு மாலை நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.

நிரல் எழுதிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். திண்டுக்கல்லில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்க ஹாம் ஜேசன் மில்ட்ரம் எழுதிப் பொதுவில் விட்டிருக்கும் எஸ்.ஐ.5351 லைப்ரரியை எடுத்துக்கொண்டாள். அதில் அலைவரிசையை ஹெர்ட்ஸின் நூறில் ஒரு பங்காகக் கொடுக்க வேண்டும், 3 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் முப்பது கோடி என்று எழுத வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். கேங்கைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, இந்தக் குமிழ் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகரணும்?" யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் டியூனிங்கின் சுகத்தையே தீர்மானிக்கிறது.

கேங்குக்குப் பதிலாகக் குமிழின் சுழற்சியை எண்ணிச் சொல்லும் பாகம் என்கோடர். கடையில் கிடைக்கும் சாதாரண என்கோடரில் ஒரு சுற்றுக்கு இருபது 'க்ளிக்' உண்டு. ஒரு க்ளிக்குக்கு 10 ஹெர்ட்ஸ் வைத்தால் ஒரு சுற்றுக்கு 200 ஹெர்ட்ஸ். பேண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக ஆயிரம் சுற்று! 1 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் பத்தே சுற்றுதான், ஆனால் குரலைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. சாதாரணமாக 100 ஹெர்ட்ஸ், குமிழை அமுக்கினால் 10, இன்னொரு முறை அமுக்கினால் ஆயிரம் என்று வைத்தோம். வேகமாகச் சுற்றினால் தானாகவே பெரிய அடியாக எடுக்கும்படி பிறகு அவளே மாற்றிக் கொடுத்தாள். எண்ணைப் பார்க்காமல் காதாலேயே டியூன் செய்ய முடிந்தது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான். இன்னொன்று, இந்த மலிவு என்கோடர்களில் தொடர்பு துள்ளும், ஒரு க்ளிக்குக்கு மூன்று எண்ணும். இரண்டு பின்னுக்கும் சின்ன கண்டென்சர் போட்டால் அடங்கிவிடும். காசு இருந்தால் ஆப்டிகல் என்கோடர் வாங்குங்கள், குளிரில் விறைத்த விரலுக்கு அது பெரிய உதவி.

கடைசியாக இருந்த அலைவரிசையை நினைவில் வைக்க, நானோவில் ஈஈபிராம் என்ற, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் இருக்கிறது. ஆனால் அதில் எழுதுவதற்கு ஒரு லட்சம் முறை என்று வரம்பு உண்டு. ஒவ்வொரு க்ளிக்குக்கும் எழுதினால் ஒரு வருடம் தாங்குவதே சந்தேகம். குமிழ் சில விநாடிகள் அசையாமல் இருந்த பிறகு ஒரு முறை எழுதும்படி வையுங்கள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பழைய வி.எஃப்.ஓ. கொடுத்தது வழவழப்பான சைன் அலை. எஸ்.ஐ.5351 கொடுப்பது சதுர அலை. அலைவரிசை ஒன்றுதான், குணம் வேறு. சதுர அலைக்குள் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஹார்மோனிக்குகள் பலமாக இருக்கும். மாட்டி முதல் முறை பேண்டை மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தபோது 7.090 பக்கத்தில் தெளிவான தமிழ்ப் பேச்சு, பின்னாலேயே நாதஸ்வரம். ஹாம் பேண்டில் நாதஸ்வரம் எங்கிருந்து வரும்? கொஞ்ச நேரம் கேட்டதும் அறிவிப்பு வந்தது: மதுரை வானொலி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது. 7.090-க்கு வி.எஃப்.ஓ. 2.910. அதன் மூன்று மடங்கு 8.73. பத்திலிருந்து 8.73 போனால் 1.27 மெகாஹெர்ட்ஸ். மதுரை வானொலி மீடியம் வேவில் 1269 கிலோஹெர்ட்ஸ். அச்சாகப் பொருந்துகிறது. மலை விளிம்பில், சமவெளியைப் பார்த்தபடி இருபது மீட்டர் கம்பி தொங்குகிறது, அந்த நிலையம் பலமாக வந்து முன்புறச் சுற்றின் ஓரமாக நுழைந்துவிடுகிறது. பழைய வி.எஃப்.ஓ.வில் மூன்றாம் ஹார்மோனிக் பலவீனமாக இருந்ததால் இத்தனை வருடம் அது கேட்கவில்லை.

இதற்கு இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். முதலில் சிப்பின் வெளியீட்டில் ஒரு லோ பாஸ் ஃபில்டர். நான் போட்டது ஐந்து பாகங்கள் கொண்டது: தரைக்கு 560 பிகோஃபேரட், அடுத்துத் தொடரில் சுமார் 3.6 மைக்ரோஹென்றி, நடுவில் 1800 பிகோஃபேரட், மறுபடி 3.6 மைக்ரோஹென்றி, கடைசியில் 560 பிகோஃபேரட். சிவப்பு நிற டி50-2 டொராய்டில் 27 சுற்றுச் சுற்றினால் அந்தக் காயில் வந்துவிடும். இது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டத் தொடங்கும், 8.7-இல் கணக்குப்படி 39 டெசிபெல் குறையும். இதைப் போட்டதும் நாதஸ்வரம் நன்றாகவே இறங்கியது, ஆனால் முழுதாகப் போகவில்லை. டயோடு மிக்ஸர் சுவிட்ச் மாதிரி வேலை செய்வது, எவ்வளவு சுத்தமான சைன் அலை கொடுத்தாலும் மூன்றாம் ஹார்மோனிக்கைத் தானே கொஞ்சம் உண்டாக்கிக்கொள்ளும். அதனால் ஆன்டெனா பக்கம், ரிசீவ் பாதையில், மீடியம் வேவை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்றும் தேவைப்பட்டது. 4 மெகாஹெர்ட்ஸில் வெட்டும் ஐந்து பாக ஃபில்டர் 1.27-இல் ஏறக்குறைய 50 டெசிபெல் குறைக்கும். அதன் பிறகு 7.090 அமைதியானது.

உங்கள் ரேடியோவின் ஐ.எஃப். வேறாக இருந்தால் எண்களும் வேறாகும். வி.எஃப்.ஓ.வின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கை எடுத்து, ஐ.எஃப்.போடு கூட்டியும் கழித்தும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த விடைகளில் உங்கள் ஊர்ப் பக்கம் எந்த நிலையம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், சால்டரிங் இரும்பைச் சூடாக்கும் முன்பே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

அடுத்தது சிக்னலின் அளவு. பிட்எக்ஸின் டயோடு மிக்ஸருக்கு 7 டி.பி.எம்., அதாவது சுமார் 5 மில்லிவாட் போதும். சிப்பை முழு பலத்தில், அதாவது 8 மில்லியாம்பியர் டிரைவில் வைத்தால் அதைவிட அதிகம் வருகிறது. 150 ஓம், 39 ஓம், 150 ஓம் என்று மூன்று ரெசிஸ்டரில் 6 டெசிபெல் அட்டென்யுவேட்டர் ஒன்றை ஃபில்டருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைத்து, டிரைவை நிரலில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அட்டென்யுவேட்டருக்கு இன்னொரு நன்மையும் உண்டு, மிக்ஸரும் ஃபில்டரும் எப்போதும் 50 ஓமைப் பார்க்கும். உங்களுடையது என்.இ.602 ஐ.சி. வைத்த கிட் என்றால் கதையே மாறும். அந்த ஐ.சி.யின் ஆஸிலேட்டர் பின்னுக்கு 200, 300 மில்லிவோல்ட் போதும். சிப்பின் மூன்று வோல்ட் அளவை நேராகக் கொடுத்தால் ரிசீவர் கிறீச்சிடும். "டிஜிட்டல் வி.எஃப்.ஓ. வைத்ததும் ரேடியோ செவிடாகிவிட்டது" என்று கேட்கும் புகார்களில் நிறைய இந்த அளவுப் பிசகுதான் என்பது என் கணிப்பு.

இரைச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையில் மின்வெட்டு வந்தால் நாங்கள் வருத்தப்படுவதில்லை. ஊர் முழுக்க எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் அணைந்து, நாற்பது மீட்டர் பேண்ட் கிணற்றடி போல அமைதியாகும். மெல்லிய சிக்னல்கள் எழுந்து நிற்கும். அப்படி ஒரு மின்வெட்டு இரவில்தான் என் ரேடியோவுக்குள்ளேயே ஒரு மெல்லிய 'டிக், டிக்' இருப்பது கேட்டது. எல்.சி.டி.யை நானோ விநாடிக்குப் பல முறை புதுப்பித்துக்கொண்டிருந்தது. எண் மாறினால் மட்டும் எழுது என்று நிரலை மாற்றியதும் டிக் நின்றது. குமிழைத் திருப்பும்போது மட்டும் டிக் வந்தால், ஒவ்வொரு அடிக்கும் பி.எல்.எல்.லை ரீசெட் செய்யும் நிரலாக இருக்கலாம், அதை எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் பிறகும் மிஞ்சிய இரைச்சலுக்கு மருந்து தகரம். நானோவும் சிப்பும் எல்.சி.டி.யும் ஒரு தகரப் பெட்டிக்குள், உள்ளே போகும் ஒவ்வொரு கம்பிக்கும் வாசலில் ஒரு 1000 பிகோஃபேரட் ஃபீட்த்ரூ கண்டென்சர், வெளியே வருவது மெல்லிய கோஆக்ஸ் மட்டும். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தத் தகரம் இரட்டிப்பாகத் தேவை. 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைப் பண்பலையின் கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கிறது, திறந்து கிடக்கும் எந்தக் கம்பியும் அதற்கு ஆன்டெனாதான்.

மின்சாரம் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை நேராக நானோவின் வின் பின்னில் கொடுத்தால் அதன் சின்ன ரெகுலேட்டர் எல்.சி.டி. விளக்கையும் சுமந்து கொதிக்கும். நடுவில் 7808 என்ற எட்டு வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றை வையுங்கள், பேட்டரி பதினொன்றுக்கு இறங்கினாலும் அது ஓடும். சுவிட்ச் முறையில் வோல்டேஜை இறக்கும் பக் கன்வர்ட்டர் கரண்டை மிச்சப்படுத்தும், ஆனால் பேண்ட் முழுக்கக் கீற்றுப் போடும். பழைய எஃப்.இ.டி. வி.எஃப்.ஓ. சில மில்லியாம்பியரில் ஓடியது, புதிய ஏற்பாடு அதைப்போலப் பல மடங்கு சாப்பிடும். புயல் நாளில் பேட்டரியில் ஓட்டுகிறவருக்கு இது முக்கியம், ஆகவே எல்.சி.டி. விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன்.

குரலைப் பிரித்தெடுக்க உதவும் இன்னொரு ஆஸிலேட்டரான பி.எஃப்.ஓ.வையும் இதே சிப்பிலிருந்து எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுக்கலாம். குரலின் கனத்தை நூறு நூறு ஹெர்ட்ஸாக நகர்த்திக் காதால் சரிசெய்ய அது மிக வசதி. அப்படிச் செய்தால் முதல் வெளியீட்டையும் மூன்றாவதையும் எடுங்கள், பக்கத்துப் பக்கத்து வெளியீடுகள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். என் கிரிஸ்டல் பி.எஃப்.ஓ. நன்றாக இருந்ததால் அதைத் தொடவில்லை.

காட்டும் அலைவரிசை சரியா என்று பார்க்க வெளியே போக வேண்டியதில்லை. சிப்பை 10 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கச் சொல்லி, சிற்றலை ரேடியோ ஒன்றில் சீனாவின் பி.பி.எம். நேர நிலையத்தைப் பிடித்து, இரண்டும் சேர்ந்து எழுப்பும் முனகல் மெதுவாகி நிற்கும்வரை நிரலில் உள்ள திருத்த எண்ணை மாற்றுங்கள். மாலையில் அது எங்கள் மலையில் நன்றாகவே கேட்கும். ரேடியோ குளிர்ந்திருக்கும்போதும் சூடான பிறகும் ஒரு முறை செய்து, நடுவில் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சம்பந்தமாக ஒன்று. கேங்க் கண்டென்சருக்கு இரண்டு முனையிலும் சுவர் இருந்தது, பேண்டை விட்டுப் போக நினைத்தாலும் அதிகம் போக முடியாது. இந்தச் சிப்புக்குச் சுவரே கிடையாது, எங்கே சொன்னாலும் போகும். அதனால் 7.000-க்குக் கீழும் 7.200-க்கு மேலும் பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானை அமுக்கினால் டிரான்ஸ்மிட் ஆகாதபடி நிரலிலேயே பூட்டு வைத்தோம். இந்த பேண்டில் பயன்படும் எல்.எஸ்.பி.யில் (கீழ்ப் பக்கப் பட்டையில்), டயல் காட்டும் எண்ணுக்குக் கீழே குரல் விரியும், ஆகவே கீழ் முனையில் மூன்று கிலோஹெர்ட்ஸ் கூடுதலாக விடுங்கள். உரிமம் இல்லாதவர்கள் கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வு அவ்வளவு கடினமும் இல்லை. நிரல் எழுதிய பெண் இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

2019-இல் சூரியப்புள்ளிகள் மிகக் குறைந்திருந்தன. இருட்டியதும் நாற்பது மீட்டரில் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் மறைந்துவிடுவார்கள், தொலைவில் உள்ளவர்கள்தான் மெல்லக் கேட்பார்கள். மெல்லிய சிக்னலோடு நெடுநேரம் பேச வேண்டிய அந்தக் காலத்தில்தான் மாற்றத்தின் பலன் முழுதாகத் தெரிந்தது. வத்தலக்குண்டு ஐயா, நான் அழைத்ததும் குமிழைத் தொடாமலே பதில் சொன்னார். "இப்ப எங்க விட்டனோ அங்கேயே இருக்கீங்க" என்றார்.

இதைக் கேள்விப்பட்டுக் கொடைக்கானலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு ஹீத்கிட் எச்.டபிள்யூ-8 கொண்டுவந்தார். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போன நண்பர் விட்டுச்சென்றது. 1970-களின் நடுவில் வந்த நான்கு பேண்ட் மோர்ஸ் ரேடியோ, ஒன்றிரண்டு வாட். "இதையும் டிஜிட்டல் ஆக்கிடுங்க சார்" என்றார். ஒரு வாரம் மேசையில் வைத்து அளந்து பார்த்தேன். சூடேறிய பிறகு அது அசையவே இல்லை. மோர்ஸுக்கு அந்த நிலைத்தன்மை தாராளம். முன்பலகையில் எல்.சி.டி.க்காக ஓட்டை போட்டால் அது திரும்ப வராது. முடியாது என்று சொல்லிவிட்டேன். குமிழின் அச்சைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது துல்லியமான எண் மட்டும்தான். அந்த ரேடியோவின் வி.எஃப்.ஓ. 8.645-இலிருந்து 8.895 வரை ஓடுகிறது, நாற்பது மீட்டரில் 15.895-இலிருந்து அதைக் கழித்தால் கேட்கும் அலைவரிசை வந்துவிடும். கழித்துக் காட்டும் சின்னக் கவுண்டர் ஒன்றைத் தனிப் பெட்டியில் வைத்து, வி.எஃப்.ஓ.விலிருந்து 5 பிகோஃபேரட் கண்டென்சர் வழியாகத் தொட்டுக் கொடுத்திருக்கிறேன். கண்டென்சர் அதைவிடப் பெரிதானால் வி.எஃப்.ஓ.வையே இழுத்துவிடும், கவனம்.